பதில்: 20 மில்லிசெகண்ட் காட்டிய சொல் சிலருக்குத் தெரிந்துவிடுகிறதே?

மாஸ்க்கிங் சோதனையில் (சொல்லைக் கணநேரம் காட்டி, உடனே வேறொரு வடிவத்தால் மறைப்பது) 20 மில்லிசெகண்ட் மட்டும் காட்டிய சொல்லைச் சிலர் படித்துவிடுகிறார்கள், அவர்களை ஆய்விலிருந்து நீக்கிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

ஆட்களை விடுங்கள், முதலில் மானிட்டரைப் பாருங்கள். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃப்ரேம், அதாவது திரை ஒருமுறை படத்தைப் புதுப்பிக்கும் நேரம், 16.7 மில்லிசெகண்ட். 20 என்று ஒரு கணக்கே அங்கே கிடையாது, 16.7 வரும், இல்லையேல் 33.3. இரண்டாவது வந்தபோது சொல் பிடிபட்டிருக்கலாம். நேரத்தை ஃப்ரேம் எண்ணிக்கையில் கொடுங்கள். சொல்லோடு சேர்ந்து தோன்றி மறையும்படி திரை மூலையில் வெள்ளைக் கட்டம் ஒன்றை வைத்து, ஃபோட்டோடையோடால் (ஒளியை உணரும் சிறு கருவி) அளந்து பாருங்கள். மென்பொருளின் பதிவை மட்டும் நம்பவேண்டாம்.

நீக்குவது ஆபத்து. சொல் கண்ணில் பட்டதா என்று கண்டறியும் சோதனையில் தற்செயலாகக் குறைந்த மதிப்பெண் வாங்கியவரும் 'பார்க்காதவர்' பட்டியலில் சேர்ந்துவிடுவார். மறுபடி அளந்தால் அவர் மதிப்பெண் சராசரியை நோக்கி ஏறும். உளவியலாளர் டேவிட் ஷாங்க்ஸ் 2017இல் எச்சரித்த பொறி இதுதான்.

பதிலாக, ஒவ்வொரு முறையும் வந்தது எந்தச் சொல் என்று இரண்டில் ஒன்றைக் கட்டாயமாகத் தேர்வு செய்யச் சொல்லுங்கள். உடனே, எவ்வளவு தெளிவாகத் தெரிந்தது என்று, ராம்சோய், ஓவர்கார்ட் என்ற ஆய்வாளர்கள் 2004இல் தந்த நான்கு படி அளவுகோலில் கேளுங்கள்: எதுவும் தெரியவில்லை, லேசான சாயல், ஏறக்குறைய தெளிவு, முழுத் தெளிவு. வெறும் 'ஆம், இல்லை' கேட்டால் சாயலைக் கண்டவர்களும் 'இல்லை'யைத்தான் அழுத்துவார்கள். பார்ப்பதும் பார்த்ததைச் சொல்வதும் ஒன்றா என்று தத்துவக்காரர்கள் சண்டை போடுவது சும்மா இல்லை!