டார்சியரும் ரிப்பன் புழுவும்

கேள்வி: டார்சியர் என்ற சின்னஞ்சிறு குரங்கினத்துக்கும் கடலில் வாழும் ரிப்பன் புழுவுக்கும் ஏதாவது ஒற்றுமை உண்டா? மகள் கேட்டாள், பதில் தெரியவில்லை.

பதில்: உண்டு, இரண்டுமே வேட்டைக்காரர்கள். குரங்கினங்களில் இலை, பழம் எதையும் தொடாமல் முழுக்க உயிர் இரையையே தின்பது டார்சியர் மட்டும்தான். ரிப்பன் புழுக்களிலும் பெரும்பாலானவை இரைகொல்லிகள். (வயிற்றில் ஒட்டுண்ணியாக வாழும் நாடாப்புழு வேறு. பெயர் ஒத்துப்போவதால் பலர் குழம்புகிறார்கள்.)

டார்சியர் கண்ணை நம்பி வாழ்கிறது. ஒவ்வொரு கண்ணும் ஏறக்குறைய அதன் மூளை அளவு! அந்தக் கண்கள் குழிக்குள் அசையாது. அதனால் தலையையே முதுகுப் பக்கம் வரை திருப்பிப் பார்த்துவிட்டு இரைமேல் பாயும்.

புழுவுக்கு வெளிச்சம், இருட்டு தெரிந்தால் பெரிது. மோப்பம்தான் வழிகாட்டி. ஆனால் அதன் ஆயுதம் இருக்கிறதே, இத்தனை வருடம் விலங்கியல் சொல்லிக்கொடுத்தும் எனக்கு வியப்பு அடங்கவில்லை. துவைத்த சட்டையின் கை உள்பக்கம் புரண்டு கிடக்குமல்லவா? அப்படி ஒரு தும்பிக்கை, திரவம் நிறைந்த அறைக்குள் மடங்கிக் கிடக்கிறது. தசைகள் இறுகியதும் அது வெளிப்பக்கமாகப் புரண்டு பாய்ந்து இரையைச் சுற்றிக்கொள்ளும். சில இனங்களுக்கு அதில் நச்சு ஊசியும் உண்டு. சட்டைக் கையைப் புரட்டிக் காட்டுங்கள், மகளுக்கு உடனே புரியும்.

நீளத்தில் ஒப்பிடவே முடியாது. டார்சியரின் உடல் வாலை விட்டுப் பார்த்தால் ஒரு சாண்கூட இருக்காது. 1864-இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் கரை ஒதுங்கிய ஒரு ரிப்பன் புழு 55 மீட்டர் என்று பதிவாகியிருக்கிறது. இழுத்தால் நீளும் உடல் என்பதால் அந்தக் கணக்கை நான் அப்படியே ஏற்பதில்லை.

கடல் வற்றிய நேரத்தில் ஒருமுறை கல்லைப் புரட்டியபோது, ஈரமான பழுப்புக் கயிறு போல ஒன்று சுருண்டு கிடந்தது. தூரிகையால் மெல்லத் தூக்கினேன். கண் முன்னே மூன்று துண்டாக அறுந்துவிட்டது. மனசு பதறிவிட்டது. அப்புறம்தான் படித்தேன்: சில இனங்களில் அறுந்த துண்டே முழுப் புழுவாக வளர்ந்துவிடும். டார்சியர் தாயோ ஆறு மாதம் சுமந்து ஒரே ஒரு குட்டி ஈனும், தன் எடையில் கால் பங்கு கனத்தில், கண் திறந்தபடி.