காசிமேடு – பழவேற்காடு திரைக்கதை: அந்த சீனைத் தூக்கணுமா?

தம்பி, பைக்ல பழவேற்காடு போற ரெண்டு கூட்டாளிங்க, ராத்திரி ஒரு முத்தம், மறுநாள் பேச்சில்லாம வீடு. சென்சாருக்குப் பயந்து முத்தத்தைத் தூக்கிடவான்னு கேட்டிருக்கீங்க. தூக்காதீங்க. ரெண்டு பேருக்கும் 22 வயசுன்னு முதல்லயே தெரியட்டும். பெரியவங்களுக்கு மட்டும்னு 'ஏ' சர்ட்டிபிகேட் குடுத்தா வாங்கிக்கோங்க.

எனக்கு இடிச்சது வேற. காசிமேட்டுல வண்டியை எடுக்கிறாங்க, அடுத்த சீன்ல ஏரிக்கரை. நடுவுல எண்ணூர் ரோடு எங்க? ஹார்பருக்குப் போற கன்டெய்னர் லாரி வரிசை? அனல்மின் சாம்பல் படிஞ்ச கழிமுகத்துல இடுப்பளவுத் தண்ணியில நின்னு வெறுங்கையால இறால் தடவுறவங்க?

அல்போன்சோ குவாரோன் 2001-ல எடுத்த 'இ து மாமா தம்பியேன்' பாருங்க. மெக்சிகோ பசங்க ரெண்டு பேரு, அவங்களைவிட மூத்த ஒரு பொண்ணு, ஒரு கார். கதைசொல்லி பேசுறப்போ மத்த சத்தமெல்லாம் அடங்கிடும். ரோட்ல அடிபட்டுச் செத்த கட்டடத் தொழிலாளி யாருன்னு பசங்களுக்குத் தெரியாது, நமக்குச் சொல்லுவான். (காப்பியடிக்கச் சொல்லல!)

அப்புறம், முத்தத்துக்குப் பின்னாடி ரெண்டு பேரும் போடுற அந்த மூணு பக்கச் சண்டை வசனம், அதை வெட்டுங்க. போறப்போ முன்னாடி இருக்கிறவன் தோள்ல கிடந்த கை, திரும்பி வர்றப்போ சீட்டுக்குப் பின்னாடி கம்பியைப் பிடிச்சிருக்கட்டும். மீஞ்சூர் கேட்ல ரயிலுக்கு நிக்கிறப்பவும் அந்தக் கையைக் கம்பியில இருந்து எடுக்க வேணாம்.