வன்னிப் பாதைகளுக்கு ‘லாங் ட்ராவல்’ மின் மலைச் சைக்கிள் தேவையா?

‘ட்ராவல்’ என்பது குழியோ வேரோ தட்டும்போது சில்லு மேலெழும்பக்கூடிய தூரம். 150 மில்லிமீற்றருக்கு மேல் என்றால் ‘லாங்’. தண்ணீர்க் குடத்தோடு வரம்பிலிருந்து இறங்குபவர் முழங்காலை மடிப்பாரே, அதே வேலைதான். மின் மலைச் சைக்கிள்களில் எடை குறைந்த வகையும் உண்டு. அதில் மோட்டரும் பற்றரியும் சிறியவை. ஏறத்தாழ 20 கிலோவில் நிற்கும், சொன்னபடி திரும்பும், ஆனால் உந்துதல் குறைவு.

வன்னி பெரும்பாலும் சமதரை. இரணைமடுக் குளக்கட்டுக்கும் மாங்குளத்துக் காட்டுக் கிரவல் பாதைக்கும் 120, 130 மில்லிமீற்றரே தாராளம் என்பேன். நீண்ட ட்ராவல் உள்ள சஸ்பென்ஷன், அதாவது அதிர்வு தாங்கும் அமைப்பு, செங்குத்தான பாறை இறக்கங்களுக்கானது. சமதரையில் மிதிக்கும் பலத்தில் கொஞ்சத்தை அதுவே விழுங்கும். மாரிச் சேற்றில் தூக்கிக் கடக்க எடைக்குறைவுதான் கைகொடுக்கும். வாங்குமுன் கட்டாயம் தூக்கிப் பாருங்கள்.

அப்புறம், ‘லாங் ட்ராவல்’ என்றால் ஒரு சார்ஜில் நெடுந்தூரம் ஓடும் என்று பலர் நினைக்கிறார்கள். அதைத் தீர்மானிப்பது பற்றரி.