மறுபடி பாலிஷ் போடுவதற்கு முன்

கேள்வி: பெங்களூரு ஹலசூரில் இருக்கிறேன். மாமரப் பலகையும் நீல எபாக்ஸி ரெசினும் (ஊற்றினால் இறுகிக் கண்ணாடி போல ஆகும் பசை) சேர்த்து ஒரு டைனிங் டேபிள் செய்ய, இங்குள்ள ஒரு பட்டறையில் 1,40,000 ரூபாய் பேசி, 1,10,000 கொடுத்துவிட்டேன். கண்ணாடி மாதிரி மின்னும் ஒரு மாதிரித் துண்டைக் காட்டித்தான் ஆர்டர் வாங்கினார்கள். டேபிள் வந்து மூன்று வாரம் ஆகிறது. விளக்கைப் போட்டால் மேலே வட்ட வட்டமாகக் கீறல் தெரிகிறது. ஒரு மூலை இன்னும் பிசுபிசுக்கிறது. கேட்டால், "ரெசின்னா அப்படித்தான்க்கா. மீதி 30,000 தரலைன்னா டேபிளைத் தூக்கிட்டுப் போயிடுவோம்" என்கிறார்கள். தெரிந்த ஆசாரி ஒருவர் 12,000 ரூபாய்க்கு மறுபடி பாலிஷ் போட்டுத் தருகிறேன் என்கிறார். போட்டுவிடலாமா?

பதில்: இப்போது வேண்டாம். உங்கள் வழக்கின் முதல் சாட்சி அந்த மேற்பரப்புதான். ஆசாரி தேய்த்த மறுநாளே பட்டறைக்காரர், "நாங்கள் கொடுத்தபோது நன்றாக இருந்தது, இவர்தான் கெடுத்தார்" என்று சொல்லிவிடலாம். அதை மறுக்க உங்களிடம் எதுவும் மிஞ்சாது.

நீங்கள் சொல்லும் குறைகள் இரண்டும் ஒரே வகை இல்லை. உப்புத்தாளை 400, 800, 1500, 2000 என்று (எண் கூடக் கூட நைஸான தாள்) படிப்படியாக ஏற்றித் தேய்த்த பிறகுதான் பாலிஷ் பேஸ்ட் போட வேண்டும். அவசரத்தில் ஒரு படியைத் தாண்டினால் முந்தைய தாளின் கீறல் அப்படியே நின்றுவிடும். சாய்வாக வெளிச்சம் விழும்போது பல்லிளிக்கும். இது மறுபடி தேய்த்தால் போகக்கூடிய வேலைக்குறை. பிசுபிசுப்பு அப்படியல்ல. மூன்று வாரத்துக்குப் பிறகும் ஒட்டுகிறது என்றால், பெரும்பாலும் ரெசினும் அதை இறுகவைக்கும் ஹார்ட்னரும் சரியான அளவில் சேரவில்லை, அல்லது சரியாகக் கலக்கவில்லை. அதைப் பாலிஷ் போட்டு மறைக்க முடியாது. இறுகாத பகுதியைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி ஊற்ற வேண்டும். ஆகவே அந்த 12,000 ரூபாயில் உங்கள் பிரச்சினை தீரப்போவதும் இல்லை.

இன்னொன்று. சூடான பாத்திரம் வைத்த தழும்பு ஏதாவது இருந்தால் அதைப் புகாரில் சேர்க்காதீர்கள். சாதாரண எபாக்ஸி 60 டிகிரியை ஒட்டியே இளக ஆரம்பித்துவிடும். அது பட்டறையின் தவறு ஆகாது. பொருந்தாத ஒரு புகார் மற்ற இரண்டையும் பலவீனமாக்கும்.

மூன்று வாரம் போய்விட்டது என்பதுதான் எனக்குக் கவலை. பொருளை வாங்கி வைத்துக்கொண்டு, நியாயமான காலத்துக்குள் 'ஏற்கவில்லை' என்று தெரிவிக்காவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கருதலாம் என்கிறது 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 42-ஆவது பிரிவு. போனில் பேசியதை நம்பி இருக்காதீர்கள். இன்றே வாட்ஸ்அப்பிலும் ஸ்பீட் போஸ்ட்டிலும் எழுத்தில் அனுப்புங்கள்: மாதிரித் துண்டைக் காட்டியது, இரண்டு குறைகள், 15 நாளில் சரிசெய்ய வேண்டும், செய்தால் மீதி 30,000 தரத் தயார். இந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பணம் தராமல் ஏமாற்றுகிறீர்கள் என்று யாரும் சொல்ல முடியாமல் காப்பது அதுதான்.

டேபிளைத் தூக்கிப் போவோம் என்ற மிரட்டலுக்குப் பயப்பட வேண்டாம். சட்டப்படி டெலிவரி கொடுத்ததோடு, பாக்கிக்காகப் பொருளைப் பிடித்துவைக்கும் உரிமை போய்விட்டது. பாக்கிக்கு அவர்கள் சிவில் வழக்குதான் போட முடியும். வீட்டுக்குள் அத்துமீறி வந்தால் 112-க்கு போன் செய்யுங்கள்.

15 நாளில் பதில் இல்லையா, நீங்கள் வசிக்கும் பகுதிக்கான மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு வருடம் அவகாசம் உண்டு. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. நுகர்வோர் புகாருக்கான இ-ஜாக்ரிதி அரசு இணையதளத்திலும் பதிவு செய்யலாம். குறையை நீக்குதல், மாற்றுப் பொருள், பணம் திரும்பப் பெறுதல், நஷ்ட ஈடு என்று எது வேண்டுமோ அதைத் தெளிவாகக் கேளுங்கள். டேபிளை நேரில் பார்த்து அறிக்கை தர ஒருவரை நியமிக்கச் சொல்லித் தனி மனுவும் போடுங்கள். தமிழில் நடந்த வாட்ஸ்அப் உரையாடலுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். கூடவே, மின்னணுப் பதிவுகளுக்குத் தேவைப்படும் சான்றிதழையும் பாரதிய சாக்ஷ்ய அதினியம் (சாட்சியச் சட்டம்) 63-ஆவது பிரிவின்படி இணைத்துவிடுங்கள்.

இன்று இரவே அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து வீடியோ எடுங்கள். பிசுபிசுக்கும் மூலையில் ஒரு காகிதத்தை ஒட்டிப் பிரிப்பதும் அதில் பதிவாகட்டும். அந்த மாதிரித் துண்டு உங்களிடம் இருந்தால் டேபிள் பக்கத்திலேயே வைத்துப் படம் எடுங்கள். அறிக்கை வரும்வரை டேபிள் மேல் மெழுகோ எண்ணெயோ தடவ வேண்டாம், வெறும் ஈரத்துணி போதும்.