தீவாளிக்கு அப்பாவோட சேர்ட்டு: தையல் கேள்விக்கு அக்கா பதில்

கேள்வி: அக்கா, அப்பா கொழும்புல கடை வேலைக்கு நின்ன காலத்துல போட்ட முழுக்கை சேர்ட் ஒண்ணு இருக்கு, நீலக் கோடு போட்ட நல்ல கொட்டன். இப்ப அவருக்கு வயித்துக்கிட்ட பட்டன் பூட்ட ஏலாது. அம்மா தரை தொடைக்கிறதுக்கு கிழிக்கப் போனாங்க, நான் புடுங்கி வச்சிட்டேன். தீவாளிக்கு இத ஒரு டொப்பா தைக்க ஏலுமா? என்ன செஞ்சாலும் ஆம்பள சட்ட மாதிரி தான் இருக்கும்னு தங்கச்சி சிரிக்கிறா. வீட்டுல கையால சுத்துற பழைய மிஷின் இருக்கு.
வாசகி, தலவாக்கலை

பதில்: தங்கச்சி சொல்றதுல விஷயம் இருக்கு. கொலர வெட்டி, கைய வெட்டி, இடுப்ப புடிச்சாலும் முன்னால அந்த பட்டன் பட்டி நட்ட நடுவுல நிக்கிற வரைக்கும் அது சேர்ட் தான். அதனால சேர்ட்ட திருப்பி போடுங்க. உள்பக்கம் வெளிய இல்ல, முதுகு பக்கம் முன்னால வர்ற மாதிரி. ஆம்பள சேர்ட்ல முதுகுல தோளோட சேத்து ஒரு தனி துண்டு வச்சு தைச்சிருப்பாங்க, டெய்லர்மார் யோக்னு சொல்றது, அதுக்கு கீழ பெரும்பாலும் ஒரு ப்ளீட்டும், அதாவது துணிய மடிச்சு தைச்ச மடிப்பும் இருக்கும். திருப்பினா அந்த யோக் தையல் நெஞ்சுக்கு மேல குறுக்க வரும், ப்ளீட் முன்னால கொஞ்சம் விரிஞ்சு விழும், பட்டன் எல்லாம் முதுகுக்கு போயிரும். காசு குடுத்து தைச்ச டிசைன் மாதிரியே இருக்கும், பாருங்க.

கத்திரிக்கோல எடுக்க முன்ன சேர்ட்ட ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பாருங்க. கொலர் மடிப்பும் முழங்கையும் நைஞ்சிருந்தா பரவாயில்ல, அதெல்லாம் எப்படியும் போகப்போகுது. அக்குள் பக்கமும் தோளும் மெலிஞ்சிருந்தா விட்டுருங்க, எவ்வளவு கஷ்டப்பட்டு தைச்சாலும் மூணாவது தரம் தோய்க்கையில கிழியும்.

கொலர தையல் ஓரமா பிரிச்சு எடுங்க, வெட்டாதீங்க. இப்ப முன்பக்கமா வர்ற கழுத்து மேல ஏறி தொண்டைய புடிக்கும், அத ஒரு ரெண்டு ரெண்டரை இஞ்சி இறக்கணும், ஆனா யோக் தையலுக்கு மேல ஒரு இஞ்சியாவது துணி மிஞ்சணும். முதுகு கழுத்து ஏற்கனவே இறக்கம் தான், அதுல கை வைக்க வேணாம். அப்புறம் உங்களுக்கு சரியா இருக்கிற ஒரு சுடிதார் டொப்ப இதுக்கு மேல விரிச்சு வச்சு சோக்கால கோடு போட்டு, கோட்டுக்கு வெளிய ஒரு இஞ்சி விட்டு வெட்டுங்க. மிஷின்ல வைக்க முன்ன கையால பெரிய தையலா ஓட்டி ஒருக்கா போட்டு பாருங்க, ரெண்டு கையையும் மேல தூக்கி பாருங்க, ஏன்னா சேர்ட்டோட முன்பக்க கைக்குழி தான் கூட குடைஞ்சிருக்கும், அது இப்ப முதுகுக்கு போறதால முதுகு இழுக்கும். இழுத்தா பக்கத் தையல கொஞ்சம் தளத்திக்கோங்க.

பட்டன் எல்லாத்தையும் முதுகுல பூட்ட எட்டாது, தெரியும். கீழ இருக்கிறத பூட்டின மாதிரியே வச்சு தைச்சிருங்க, மேல ரெண்டு மூணு மட்டும் திறந்தா தலைவழியா போடலாம். சிரிச்ச தங்கச்சிய பூட்டி விடச் சொல்லுங்க.

பொக்கெட் தான் வில்லங்கம். வருஷக்கணக்கா வெயில்ல காஞ்ச சேர்ட்டுல பொக்கெட்ட பிரிச்சா அதுக்கு அடியில புதுத்துணி நிறத்துல ஒரு சதுரம் நிக்கும், சுத்தி ஊசி ஓட்டையும் தெரியும். என்னைக் கேட்டா முதுகுல பொக்கெட் இருந்துட்டுப் போகட்டும், வாய மட்டும் மூடி அது மேல சாரி போடர் துண்டு ஒண்ண வச்சு தைச்சா வேணும்னே வச்ச மாதிரி ஆயிரும்.

இப்ப தீவாளிக் களை. கடையில மினுங்குற லேஸ் வாங்க வேணாம், அம்மாவோட பழைய சாரி ஒண்ணுல இருந்து ஒடுக்கமான போடர் எடுங்க, அகலமான பட்டு போடர் பாரத்துக்கு கொட்டன கீழ இழுத்து தொங்க விடும். சேர்ட் சுருங்குற அளவு எப்பவோ சுருங்கியிருக்கும், போடர் அப்படி இல்லாம இருக்கலாம், சாயமும் இறங்கலாம், அதனால முதல்ல தனியா தண்ணியில ஊற வச்சு காய வைங்க. யோக் தையல் மேலேயே போடர வச்சு மேல் ஓரம் கீழ் ஓரம் ரெண்டையும் ஒரே திசையில தைங்க, ஒண்ணு இடமிருந்தும் மத்தது வலமிருந்தும் தைச்சா முறுக்கிக்கும். ஜரிகைக்கு மேல மெல்லிய துணி போட்டு குறைஞ்ச சூட்டுல அயன் பண்ணுங்க.

கைய முழங்கைக்கு மேல வெட்டி, ஓரத்த மடிச்சு, கை சுற்றளவ விட ஒரு இஞ்சி குறைச்சு இலாஸ்டிக் கோத்தா புஸ்ஸுன்னு நிக்கும். வெட்டின அடிக்கையில இருந்து கழுத்துக்கு பட்டி எடுக்கலாம், ஆனா துணிய மூலைவாக்கா வெட்டணும், நேரா வெட்டின பட்டி வளைவுல படியாது.

இன்னொண்ணு, உங்க பக்கம் ஐப்பசியில பின்னேரமானா மழை, ஒரு துணி காய ரெண்டு நாள் கேக்கும். கடைசி நாள் தோய்ச்சிட்டு அடுப்புக்கு மேல கயிறு கட்டி தொங்க விட்டா புதுச்சட்ட பூரா புகை நாத்தம். தோய்க்கிற வேலைய முன்கூட்டியே முடிச்சு இஸ்தோப்புல காத்து படுற மாதிரி போடுங்க.

கேள்வி: மகனோட பழைய வெள்ளை ஸ்கூல் சேர்ட்டுக்கு மெரூன் சாயம் போட்டு சின்னவளுக்கு டொப் தைக்கலாமா?
வாசகி, பண்டாரவளை

பதில்: உள்தையல்ல இருந்து ரெண்டு நூல் உருவி பத்த வைங்க. கடதாசி மாதிரி எரிஞ்சு சாம்பலானா கொட்டன், உருகி கட்டியா நின்னா பொலியெஸ்டர், ரெண்டும் கலந்தாப்ல இருந்தா கலப்புத் துணி. கொட்டன் சாயம் பொலியெஸ்டர்ல ஏறாது, கலப்புத் துணியில மெரூன் போட்டா ரோஸ் தான் வரும். தைச்ச நூல் பெரும்பாலும் பொலியெஸ்டர், அது வெள்ளையாவே நிக்கும். அந்த ரோஸ் புடிச்சிருந்தா போடுங்க, இல்லாட்டி வெள்ளையாவே வச்சு கழுத்துலயும் கையிலயும் கலர் நூலால பூ போடுங்க, சின்னப் பிள்ளைக்கு அது தான் எனக்கு புடிக்கும்.

கேள்வி: மிஷின் இல்லாம கையாலயே முழு டொப்பும் தைக்க ஏலுமா?
வாசகி, ஹட்டன்

பதில்: ஏலும். பக்கத் தையலும் கைக்குழியும் மட்டும் பின் தையல் போடுங்க, அதாவது ஒவ்வொரு தரமும் ஊசிய கொஞ்சம் பின்னால குத்தி முன்னால எடுக்கிறது, இழுவைக்கு தாங்கும். மடிப்பு ஓரத்துக்கு சாதாரண ஹெம்மிங் போதும். நூல முழங்கை நீளத்துக்கு மேல எடுக்காதீங்க, சிக்கும்.