ஸ்டப்பா, என்எஸ்எஸ்ஏவா?

கேள்வி: பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டி கிளையில் பழைய ரவுட்டர் ஒன்று, ரூட்டிங் டேபிள் பெருத்து மெமரி திணறுகிறது. சுமையைக் குறைக்கலாமே என்று ஒயிட்ஃபீல்டு தலைமை அலுவலக ரவுட்டரில், ஓஎஸ்பிஎஃப்-இல் (ரவுட்டர்கள் தங்களுக்குள் வழிகளைப் பகிர்ந்துகொள்ளும் நெறிமுறை) கிளை இருக்கும் பகுதியான ஏரியா 10-ஐ ஸ்டப் (வெளி ரூட்டுகளை உள்ளே விடாத ஏரியா) ஆக்கினேன். கிளை ரவுட்டருடன் இருந்த ஓஎஸ்பிஎஃப் நெய்பர் உறவே போய்விட்டது. கிளையிலிருந்து வாடிக்கையாளர் ஒருவருக்கு ஸ்டேட்டிக் ரூட் (கையால் எழுதிய வழி) உண்டு. அதை ரீடிஸ்ட்ரிபியூட் செய்கிறோம், அதாவது ஓஎஸ்பிஎஃப்-க்குள் அறிவிக்கிறோம். எந்த வகை ஏரியா சரி?

பதில்: நெய்பர் போனதில் மர்மம் இல்லை. நெய்பர்கள் அறிமுகமாக அனுப்பிக்கொள்ளும் ஹலோ பாக்கெட்டில் 'இ' பிட் என்று ஒன்று உண்டு. சாதாரண ஏரியாவில் அது 1, ஸ்டப்பில் 0. இரண்டு பக்கமும் பொருந்தாவிட்டால் உறவு ஒட்டாது. நீங்கள் ஒரு பக்கம் மட்டும் மாற்றியிருக்கிறீர்கள்.

மறுபக்கத்தையும் மாற்றியிருந்தால் வேறு இடத்தில் மாட்டியிருப்பீர்கள். ஸ்டப்புக்குள் டைப் 5 எல்எஸ்ஏ (வெளி ரூட்டைச் சொல்லும் ஓஎஸ்பிஎஃப் அறிவிப்பு) வராது, உள்ளிருந்து கிளம்பவும் முடியாது. உங்கள் ஸ்டேட்டிக் ரூட் கிளையிலேயே முடங்கிவிடும்.

ஊருக்குப் புதிதாக வருகிறவரிடம் "எங்கே போகணும்னாலும் முதல்ல மெஜஸ்டிக் (மத்தியப் பேருந்து நிலையம்) போயிடுங்க" என்போமே, டோட்டலி ஸ்டப் அதேதான். வெளி ரூட்டும் வேண்டாம், மற்ற ஏரியாக்களின் ரூட்டைச் சொல்லும் டைப் 3-ம் வேண்டாம், வேறு வழி தெரியாத எல்லாவற்றையும் அனுப்ப ஒரே ஒரு டிஃபால்ட் ரூட் போதும். வெறும் ஸ்டப்பில் டைப் 3 வந்துகொண்டே இருக்கும்.

உங்களுக்கு வேண்டியது என்எஸ்எஸ்ஏ (நாட்-சோ-ஸ்டபி ஏரியா), அதாவது உள்ளிருந்து வெளி ரூட் கிளம்ப அனுமதிக்கும் ஸ்டப். இதில் உங்கள் ஸ்டேட்டிக் ரூட் டைப் 7 ஆகக் கிளம்பும். எல்லையில் இரு ஏரியாக்களையும் இணைக்கும் ரவுட்டரான ஏபிஆர் அதை டைப் 5 ஆக்கி, நடுநாயக ஏரியாவான ஏரியா 0-க்குத் தரும். வெளியிலிருந்து வரும் டைப் 5-க்கு அப்போதும் தடைதான். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள்: சிஸ்கோவில் வெறுமனே என்எஸ்எஸ்ஏ என்று போட்டால் டிஃபால்ட் ரூட் தானாக வராது. ஏபிஆரில் மட்டும் 'நோ-சம்மரி' சேர்த்துவிடுங்கள். டைப் 3 நிற்கும், டிஃபால்ட்டும் வந்துவிடும். மெமரிக்கும் இதுதான் நல்லது. ஏபிஆர் இரண்டு இருந்தால் இரண்டிலும் போடுங்கள். ஒன்றில் விட்டுப்போனால் டைப் 3 அந்த வழியாக நுழைந்துவிடும்.

அப்புறம், மாற்றும்போது கடைசி ரவுட்டரில் தொடங்கி ஏபிஆர் பக்கமாக வாருங்கள். ஒருமுறை நான் ஏபிஆரில் தொடங்கி, கிளைப் பக்கம் கைக்கு எட்டாமல் போய், சாயங்கால நெரிசலில் சில்க் போர்டைத் தாண்டி நேரில் போய் கன்சோல் கேபிளைச் செருக வேண்டியதாயிற்று.