காத்திருப்புப் பட்டியலும் புதிய மதிப்பெண்களும்

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்துகிறேன். மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ எழுதியிருக்கும் என் மகளை, அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று மார்ச் இறுதியில் காத்திருப்புப் பட்டியலில் வைத்திருக்கிறது. அரையாண்டில் வேதியியலில் 71 எடுத்தவள், திருப்புதல் தேர்வுகளில் 90-ஐத் தாண்டிவிட்டாள். அந்த மதிப்பெண்களை நானே இப்போது மின்னஞ்சலில் அனுப்பலாமா, பொதுத்தேர்வு முடிவு வரும்வரை பொறுத்திருப்பதா?

வாசகர், சேலம்

பதில்: இப்போதே அனுப்பலாம், ஆனால் அனுப்ப வேண்டியவர் நீங்கள் அல்லர்.

முதலில், பட்டியலில் தொடர விரும்புவதாக உங்கள் மகள் கெடுவுக்குள் பதில் கொடுத்துவிட்டாரா என்று பாருங்கள். அது இல்லாமல் எந்த மதிப்பெண்ணும் பயன்படாது. பிறகு அவர்கள் அனுப்பிய கடிதத்தை நிதானமாகப் படியுங்கள். சில பல்கலைக்கழகங்கள் புதிய மதிப்பெண்களை வரவேற்கின்றன, சில எதையும் அனுப்ப வேண்டாம் என்று வெளிப்படையாகவே எழுதிவிடுகின்றன. அப்படி எழுதியிருந்தால் மீற வேண்டாம்.

நம் ரயில் டிக்கெட்டின் வெயிட்டிங் லிஸ்ட் போல இதில் பெரும்பாலும் வரிசை எண் கிடையாது. இடம் பெற்றவர்களில் எத்தனை பேர் மே 1-ஆம் தேதிக்குள் சேர்வதாக உறுதி செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, இடம் மிஞ்சினால் பட்டியலில் உள்ளவர்களின் கோப்புகளை மறுபடி எடுத்துப் படிக்கிறார்கள். பள்ளி இடைக்கால அறிக்கையில் அரையாண்டு மதிப்பெண்களை அனுப்பியிருந்தால், வேதியியலுக்கு அந்தக் கோப்பில் கடைசியாக இருப்பது 71 என்ற எண்தான். ஆகவே திருப்புதல் தேர்வு மதிப்பெண்கள் ஏப்ரல் முடிவதற்குள் அங்கே சேர்ந்துவிடுவது நல்லது.

இவை பள்ளிக்குள் நடக்கும் தேர்வுகள் என்பதால், தலைமையாசிரியரின் கையொப்பமும் முத்திரையும் கொண்ட மதிப்பெண் பட்டியலாக, பள்ளியின் மின்னஞ்சலிலிருந்தோ விண்ணப்பத்தின்போது பள்ளி பயன்படுத்திய இணையக் கணக்கிலிருந்தோ செல்ல வேண்டும். தந்தை எழுதும் கடிதத்துக்கு அங்கே மதிப்பு குறைவு. மாணவிக்குத் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளத் தெரியவில்லையோ என்ற ஐயத்தைக்கூட அது எழுப்பலாம். உங்கள் மகள் தன் பெயரில் ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதட்டும். இடம் கிடைத்தால் நிச்சயம் சேர்வேன் என்ற வாக்கியத்தை, அது உண்மையாக இருந்தால் மட்டும், அதுவும் ஒரே ஒரு பல்கலைக்கழகத்துக்கு மட்டும் எழுதலாம்.

மதிப்பெண்களை நீங்களாகவே நான்குக்கு இத்தனை என்று அவர்கள் அளவுக்கு மாற்றிக் காட்டாதீர்கள். பாடத்துக்கு 100, மொத்தம் 600 என்று உள்ளபடியே இருக்கட்டும். நம் பொறியியல் கலந்தாய்வின் 200-க்கான கட்-ஆஃப் அவர்களுக்குப் புரியாது, தேவையும் இல்லை.

மே மாதம் பொதுத்தேர்வு முடிவு வந்ததும், தற்காலிக மதிப்பெண் சான்றிதழைப் பள்ளி வழியாக இரண்டாவது முறை அனுப்புங்கள். அதற்கு மேல் நினைவூட்டிக்கொண்டே இருப்பது எரிச்சலைத்தான் தரும். பொதுத்தேர்வில் வேதியியல் மறுபடி குறைந்துவிட்டால் மறைக்கலாமா என்று தோன்றக்கூடும். சேரும் ஒவ்வொருவரிடமும் இறுதி மதிப்பெண் பட்டியலைக் கேட்டு வாங்குவார்கள் என்பதால், மறைப்பதில் பயனில்லை. மதிப்பெண்ணில் ஐயம் இருந்தால் விடைத்தாள் நகல் பெற்று மறுகூட்டலுக்கோ மறுமதிப்பீட்டுக்கோ விண்ணப்பிக்கலாம்.

நீங்கள் கேட்காத ஒன்று, பணம். பட்டியலிலிருந்து எடுக்கப்படும் வெளிநாட்டு மாணவருக்கு உதவித்தொகை உண்டா என்று மகளையே இப்போது கேட்டு எழுதச் சொல்லுங்கள்; பல இடங்களில் அதற்குள் நிதி கரைந்துவிடும். அழைப்பு ஜூன் கடைசியில் வந்தால் மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவம், சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசா நேர்காணல் எல்லாவற்றையும் ஆகஸ்ட் வகுப்புகளுக்குள் முடிக்க வேண்டியிருக்கும். எனவே தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வுக்கும் தவறாமல் பதிவு செய்துவிடுங்கள். அதில் வேதியியலுக்கு 50 மதிப்பெண் எடை உண்டு. கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரியை விருப்பப் பட்டியலில் சேர்த்து வைப்பதால் அமெரிக்க விண்ணப்பத்துக்கு எந்தப் பாதகமும் வராது.